தையில் கல்யாணம், தலையில் சொட்டை

வாசகர் கேள்விகளுக்குப் பாளையங்கோட்டைத் தோல் மருத்துவர் ஒருவரின் பதில்கள்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் முடியைப் பற்றியவை. ஐப்பசி பிறந்தாலே என் கிளினிக்கிலும் இதே கதைதான். தையில் முகூர்த்தம் குறித்தவர்களும், இன்னும் பெண் அமையாதவர்களும் வரிசையாக வருவார்கள். கூடவே, அவர்களைவிட அதிகக் கவலையோடு அவர்களுடைய அம்மாக்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

எனக்கு 27 வயது. தை மாதம் கல்யாணம். நெற்றி இரண்டு பக்கமும் ஏறிவிட்டது. உச்சந்தலையும் லேசாகத் தெரிகிறது. ஒரு கிளினிக்கில், முடி நடலாம், 3,500 கிராஃப்ட் (வேரோடு எடுத்து நடும் முடிக்கொத்து) வைத்தால் பழையபடி ஆகிவிடும், இந்த மாதமே செய்தால் தள்ளுபடி உண்டு என்கிறார்கள். கல்யாணத்துக்குள் முடி வந்துவிடுமா?
- வாசகர், கோவில்பட்டி

வராது தம்பி. கல்யாணத்தன்று இப்போது இருப்பதைவிட மோசமாகத் தெரியவும் வாய்ப்பு இருக்கிறது.

ஐப்பசியில் நட்டால் என்ன ஆகும் என்று வரிசையாகச் சொல்கிறேன். முதல் வாரம் நெற்றி வீங்கும், சிலருக்குக் கண் இமை வரை வீக்கம் இறங்கும். பத்து நாளில் பொருக்கு உதிரும். இரண்டு வாரத்திலிருந்து நான்கு வாரத்துக்குள் நட்ட முடியே கொட்டிவிடும். வேர் உள்ளே பத்திரமாக இருக்கும், தண்டு மட்டும் விழும். சிலருக்கு நட்ட இடத்தைச் சுற்றியுள்ள சொந்த முடியும் சேர்ந்து கொட்டும். அதில் பெரும்பாலும் திரும்பி வரும், ஆனால் உடனே வராது. மூன்று, நான்கு மாதம் ஆன பிறகுதான் மெல்லிய முடி எட்டிப்பார்க்கும். ஆறாவது மாதத்தில் பாதி பலன் தெரியும். முழுப் பலன் தெரிய ஒரு வருடம், உச்சந்தலைக்கு ஒன்றரை வருடம்கூட ஆகலாம். ஆக, தை மாதம் மணவறையில் உட்காரும்போது பழைய முடியும் குறைந்து, புதிய முடியும் வராத நிலையில் இருப்பீர்கள். போட்டோ ஆல்பம் காலத்துக்கும் இருக்கும்.

அதைவிடப் பெரிய விஷயம் அந்த 3,500. நடுவதால் ஒரு முடிகூடப் புதிதாக உண்டாவதில்லை, இருக்கும் முடிதான் இடம் மாறுகிறது. பின்மண்டையிலும் காதுக்கு மேலேயும் உள்ள முடிக்கு, வழுக்கையை உண்டாக்கும் ஹார்மோனைத் தாங்கும் குணம் உண்டு. அதைப் பிடுங்கி முன்னால் நட்டாலும் அந்தக் குணம் மாறாது. நியூயார்க்கில் நார்மன் ஓரன்ட்ரைக் என்ற தோல் மருத்துவர் 1952-ல் இதைச் செய்து பார்த்து 1959-ல் எழுதினார். இன்றுவரை இந்தச் சிகிச்சை முழுவதும் அந்த ஒரு கண்டுபிடிப்பின் மேல்தான் நிற்கிறது. நாற்றங்காலிலிருந்து நாற்றுப் பிடுங்கி வயலில் நடுகிற மாதிரிதான். என்ன, நாற்றங்காலில் அடுத்த போகத்துக்கு மறுபடி விதைக்கலாம். பின்மண்டையில் அது முடியாது. பெரும்பாலான ஆண்களுக்கு வாழ்நாள் முழுவதற்கும் பாதுகாப்பாக எடுக்கக்கூடியது சுமார் 5,000, 6,000 கிராஃப்ட்தான். சிலருக்கு அதுவும் கிடையாது. ஒரு கிராஃப்ட்டில் ஒன்று முதல் நான்கு முடி இருக்கும்.

27 வயதில் 3,500-ஐ முன்நெற்றியில் கொட்டிவிட்டால், 40 வயதில் உச்சந்தலை முழுக்கக் காலியாகும்போது கையில் மிச்சம் என்ன இருக்கும்? முன்னால் ஒரு வரிசை அடர்த்தியாகவும் அதற்குப் பின்னால் பொட்டலாகவும் தெரியும். அப்படி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதைச் சரி செய்வது முதல் தடவை நடுவதைவிடக் கஷ்டம்.

உங்கள் அப்பா, சித்தப்பா, தாய்மாமன் எல்லாருடைய தலையையும் ஒரு தடவை பாருங்கள். தாய்மாமன் வழியாக மட்டும்தான் வழுக்கை வரும் என்பது சரியில்லை. இரண்டு பக்கத்திலிருந்தும் வரும். ஆண்களின் வழுக்கையை நார்வுட் அளவுகோலில் 1 முதல் 7 வரை பிரிப்போம். உங்கள் குடும்பத்தில் 6, 7 என்று போனவர்கள் இருந்தால், நீங்களும் அங்கேதான் போவீர்கள் என்று வைத்துக்கொண்டுதான் திட்டம் போட வேண்டும். 25 வயதுக்குள் வருகிறவர்களை நான் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். உங்கள் வயதில் இருப்பவர்களுக்கு முதலில் மருந்து கொடுத்து ஒரு வருடம் பார்ப்பேன். மருந்தில் கொட்டுவது நின்றால் நட வேண்டிய அளவே குறையும்.

கல்யாணத்துக்கு என்ன செய்வது என்கிறீர்களா? நல்ல சலூனில் முடியைச் சின்னதாக வெட்டிக்கொள்ளுங்கள். போட்டோவுக்காக வேண்டுமானால் கெரட்டின் ஹேர் ஃபைபர் என்ற தூள் கிடைக்கிறது. தலையில் தூவினால் இருக்கிற முடியோடு ஒட்டி அடர்த்தியாகக் காட்டும், தலைக்குக் குளித்தால் போய்விடும். உங்களை நேரில் பார்த்துச் சரி என்று சொன்ன பெண், உங்கள் நெற்றியையும் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருப்பார்.

என் தம்பிக்குத் தலை நிறைய முடி. அவன் கொடுக்கத் தயார். கிட்னி மாதிரி முடியையும் வாங்கி நட முடியாதா?
- வாசகர், திருச்செந்தூர்

நல்ல தம்பி! ஆனால் முடியாது. உங்கள் உடம்பு அவர் முடியை அந்நியன் என்று தள்ளிவிடும். கிட்னி மாற்றிக்கொண்டவர்கள் உயிர் காக்க வேண்டும் என்பதற்காக நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரையைக் காலம் முழுக்கச் சாப்பிடுகிறார்கள். முடிக்காக அந்த ஆபத்தை எந்த மருத்துவரும் ஏற்க மாட்டார். நீங்கள் இருவரும் ஒரே கருவிலிருந்து பிரிந்த, அச்சு அசலான இரட்டையர் என்றால் மட்டும் மறுபடி எழுதுங்கள்.

கல்லூரியில் படிக்கும் என் மகளுக்கு ஆடியில் டெங்கு வந்தது. இப்போது சீப்பை வைத்தால் கொத்துக் கொத்தாக வருகிறது. பாத்ரூம் வடிகட்டியில் அடைத்துக்கொள்கிறது. பிஆர்பி ஆறு சிட்டிங் போடச் சொல்கிறார்கள். போடலாமா?
- ஓர் அம்மா, அம்பாசமுத்திரம்

வேண்டாம். பணத்தைப் பத்திரமாக வையுங்கள்.

தலையில் சுமார் ஒரு லட்சம் முடி இருக்கிறது. அதில் பத்தில் ஒன்பது பங்கு வளர்ந்துகொண்டிருக்கும், மிச்சம் ஓய்வில் இருக்கும். ஓய்வுக்குப் போன முடி மூன்று மாதம் போல அப்படியே ஒட்டிக்கொண்டிருந்துவிட்டு விழும். அதனால்தான் எல்லாருக்கும் தினமும் 50 முதல் 100 முடி கொட்டுகிறது. கடுமையான காய்ச்சல் வந்தால், வளரும் முடியில் கணிசமான பகுதி ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். டெங்கு, டைபாய்டு, கொரோனா, பிரசவம், பெரிய ஆபரேஷன், பட்டினி கிடந்து உடம்பைக் குறைப்பது என எல்லாவற்றிலும் இதே கதைதான். காய்ச்சல் விட்டு இரண்டு மூன்று மாதம் கழித்து, எல்லாரும் அதை மறந்துபோன நேரத்தில் மொத்தமாக விழும். ஆடிக் காய்ச்சல், ஐப்பசியில் கொட்டுகிறது. கணக்குச் சரியாக இருக்கிறது பாருங்கள்.

இதில் வேர் சாவதில்லை. ஆறு மாதத்துக்குள் தானாக நின்று திரும்ப முளைக்கும். நெற்றி ஓரத்தில் குட்டி முடி குத்திட்டு நிற்கிறதா பாருங்கள். அதுதான் நல்ல செய்தி. ஒரு விஷயம் மட்டும் மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முடி மாதம் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். இடுப்பு வரை சடை உள்ள பெண்ணுக்கு, புதிதாக முளைத்தது சடையின் நுனி வரை வந்து சேர சில வருடங்கள் ஆகும். அதுவரை சடை மேலே தடியாகவும் கீழே ஒல்லியாகவும் இருக்கும். அதைப் பார்த்து இன்னும் சரியாகவில்லை என்று நினைத்துவிடக் கூடாது.

ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்தின் இருப்பைக் காட்டுவது), தைராய்டு மூன்றும் பார்த்துவிடுங்கள். இரும்புச்சத்து குறைந்திருந்தால் மாத்திரை எடுக்கட்டும். முட்டை, பருப்பு, சுண்டல் என்று புரதம் சேருங்கள்.

பிஆர்பி என்பது சொந்த ரத்தத்தைக் கொஞ்சம் எடுத்துச் சுழலவிட்டு, தட்டணுக்கள் செறிந்த பகுதியைத் தலையில் ஊசியாகப் போடுவது. பரம்பரை வழுக்கைக்கு மருந்தோடு சேர்த்துப் போட்டால் சிலருக்குக் கொஞ்சம் உதவுகிறது. தானாக நிற்கப்போகும் கொட்டலுக்கு எதற்கு? ஆறாவது சிட்டிங் முடியும்போது முடி வந்திருக்கும்தான். ஆனால் பேர் மட்டும் ஊசிக்குப் போய்விடும்.

வழுக்கைக்கு ஃபினாஸ்டரைடு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். இணையத்தில் படித்தால் ஆண்மை போய்விடும் என்கிறார்கள். கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகிறது. குழந்தைக்கும் முயற்சி செய்கிறோம். சாப்பிடலாமா?
- 31 வயது வாசகர், சென்னை

இந்தக் கேள்வியைக் கூச்சப்படாமல் கேட்டதற்கு நன்றி. நேரில் வருகிறவர்கள் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு கதவு வரை போய்த் திரும்பி வந்து கேட்பார்கள்.

இந்த மாத்திரை பிறந்த கதை சுவாரஸ்யமானது. டொமினிகன் குடியரசில் ஒரு கிராமப் பகுதியில் சில குழந்தைகள் பெண் போன்ற உறுப்போடு பிறந்து, பருவ வயதில் ஆணாக மாறினார்கள். 1974-ல் ஜூலியான் இம்பராட்டோ மெக்கின்லி என்ற மருத்துவரின் குழு அவர்களைப் பற்றி எழுதியது. அவர்கள் உடம்பில் டெஸ்டோஸ்டெரோனை டிஹெச்டி என்ற வீரியமான ஹார்மோனாக மாற்றும் நொதி வேலை செய்யவில்லை. வளர்ந்த பிறகு அவர்களுக்குப் புராஸ்டேட் சிறியதாகவே இருந்தது, வழுக்கையும் விழவில்லை. அந்த நொதியை மாத்திரையால் தடுத்தால் என்ன என்று வந்ததுதான் ஃபினாஸ்டரைடு. 1992-ல் புராஸ்டேட் வீக்கத்துக்கு 5 மில்லிகிராம், 1997-ல் வழுக்கைக்கு 1 மில்லிகிராம் என அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

பலன் உண்மையானது. இரண்டு வருட ஆய்வில், மாத்திரை எடுத்தவர்களில் 83 சதவீதம் பேருக்கு உச்சந்தலையில் முடி எண்ணிக்கை குறையவில்லை. வெறும் மாவு மாத்திரை எடுத்தவர்களில் அப்படி இருந்தது 28 சதவீதம்தான்.

பக்கவிளைவும் உண்மையானதுதான். ஆசை குறைவது, விறைப்பு குறைவது, விந்து குறைவது எல்லாம் சேர்த்து முதல் வருட ஆய்வில் 3.8 சதவீதம் பேர் சொன்னார்கள். மாவு மாத்திரை எடுத்தவர்களிலும் 2.1 சதவீதம் பேர் அதையே சொன்னார்கள்! பெரும்பாலானவர்களுக்கு நிறுத்தினால் சரியாகிவிடும். நிறுத்திய பிறகும் தொடர்கிறது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதை நான் தட்டிக்கழிப்பதில்லை. மனச்சோர்வு பற்றிய எச்சரிக்கையும் உண்டு; தற்கொலை எண்ணம் வரலாம் என்பதை ஐரோப்பிய மருந்து முகமை 2025-ல் பக்கவிளைவாக உறுதி செய்தது. ஏற்கெனவே மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்தவருக்கு நான் இதை எழுதவே யோசிப்பேன்.

உங்கள் விஷயத்தில் என் கருத்து: குழந்தைக்கு முயற்சி செய்யும் இந்த நேரத்தில் ஆரம்பிக்க வேண்டாம். விந்து வழியாக மனைவிக்குப் போகும் அளவு மிகமிகச் சொற்பம், அதனால் குழந்தைக்குப் பாதிப்பு வரும் என்ற பயம் தேவையில்லை. ஆனால் விந்தணு எண்ணிக்கை ஏற்கெனவே குறைவாக உள்ள சிலருக்கு இது இன்னும் குறைக்கலாம். கரு நிற்கவில்லை என்றால் பழி மாத்திரை மேல் விழும், நீங்களும் நிம்மதியாக இருக்க மாட்டீர்கள். அதுவரை தலையில் தடவும் மினாக்சிடில் மருந்து மட்டும் போடுங்கள். பிறகு ஆரம்பித்தால் மூன்று விஷயம் நினைவில் வையுங்கள். உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணிகள் தொடக் கூடாது, வயிற்றில் ஆண் குழந்தை இருந்தால் உறுப்பு வளர்ச்சி பாதிக்கும். மாத்திரையை நிறுத்தி ஒரு மாதம் ஆகாமல் ரத்த தானம் செய்யக் கூடாது. பிற்காலத்தில் பிஎஸ்ஏ என்ற புராஸ்டேட் பரிசோதனை செய்தால், இந்த மாத்திரை சாப்பிடுவதை அந்த மருத்துவரிடம் சொல்லுங்கள். இது அந்த அளவைப் பாதியாகக் காட்டும்.

மினாக்சிடில் போட ஆரம்பித்து மூன்று வாரம். முன்னைவிட அதிகமாகக் கொட்டுகிறது. நிறுத்திவிடவா?
- வாசகர், தென்காசி

நிறுத்தாதீர்கள். ஓய்வில் இருந்த பழைய முடியைத் தள்ளிவிட்டுப் புதியது கிளம்புகிறது. இரண்டு மாதம் வரை இப்படி இருக்கலாம். மருந்து பலிக்கிறதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல ஆறு மாதமாவது வேண்டும். இது முதலில் ரத்தக் கொதிப்புக்கான மாத்திரையாக வந்தது. சாப்பிட்டவர்களுக்குக் கன்னத்திலும் கையிலும் முடி முளைத்ததைப் பார்த்துத்தான் தலைக்குத் தடவும் மருந்தாக்கி, 1988-ல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். நிறுத்தினால் சில மாதத்தில் பழைய நிலைக்கே போவீர்கள் என்பதையும் தெரிந்துகொண்டு போடுங்கள்.

வீட்டில் பூனை இருந்தால் கவனம். தலையணையையோ உங்கள் கையையோ நக்கினால்கூடப் பூனைக்கு ஆபத்து. இதை மருந்துக்கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

நகைக்கடையில் வேலை பார்க்கிறேன். தாடியில் ஒன்றும் தலையில் இரண்டுமாகப் புழுவெட்டு விழுந்திருக்கிறது. சின்ன வெங்காயம் தேய்த்துப் புண்ணானதுதான் மிச்சம். அந்த இடத்தில் மட்டும் முடி நட்டுவிடலாமா?
- 24 வயது வாசகர், திருநெல்வேலி

நடக் கூடாது. புழு எதுவும் கடிக்கவில்லை. உங்கள் நோய் எதிர்ப்புச் சக்தியே வேரைத் தாக்குகிறது. அங்கே நட்டால் நட்டதையும் தாக்கும். வேர் செத்துப்போகாததால் நட வேண்டிய அவசியமும் இல்லை. இரண்டு மூன்று வட்டம் மட்டும் என்றால், நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு தடவை அந்த இடத்திலேயே ஸ்டீராய்டு ஊசி போட்டால் பெரும்பாலும் முளைத்துவிடும். முதலில் வெள்ளையாக முளைத்தால் பதற வேண்டாம், பிறகு கறுக்கும். எதுவும் செய்யாமலே ஒரு வருடத்துக்குள் முளைத்தவர்களும் நிறையப் பேர். வெங்காயத்துக்கும் பூண்டுக்கும் இவ்வளவு பெயர் கிடைத்தது அதனால்தான்.

தலை முழுக்கப் போனவர்களுக்கு இப்போது பாரிசிட்டினிப் என்ற மாத்திரை இருக்கிறது. 2022-ல் அமெரிக்காவில் இந்த நோய்க்கு அனுமதிக்கப்பட்டது. காசநோய்ப் பரிசோதனை, ரத்தப் பரிசோதனை எல்லாம் செய்துவிட்டுக் கண்காணிப்பில் எடுக்க வேண்டியது. உங்களுக்கு அது தேவைப்படாது. வெங்காயத்தைச் சாம்பாரில் போடுங்கள்.

போர் தண்ணீர், ஹெல்மெட், ஷாம்பு, இதில் எதனால் வழுக்கை விழுகிறது?
- வாசகர், தூத்துக்குடி

எதனாலும் இல்லை. உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கி முறிய வைக்கும், வேரைத் தொடாது. ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள்.

பயோட்டின் மாத்திரை ஒரு வருடமாகச் சாப்பிடுகிறேன். முடிக்கு நல்லதுதானே?
- வாசகி, விருதுநகர்

பயோட்டின் குறைபாடு அபூர்வம். குறைபாடு இல்லாதவருக்கு அதனால் முடி வளரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அதிக அளவில் சாப்பிட்டால் ரத்தப் பரிசோதனையைக் குழப்பிவிடும், அதுதான் எனக்குக் கவலை. தைராய்டு நன்றாக இருந்தும் கோளாறு என்று காட்டலாம். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் அளவைக் குறைத்துக் காட்டலாம். ரத்தம் கொடுக்கும் முன் சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள். இல்லை, நிறுத்தியே விடுங்கள்.

நான் பள்ளி ஆசிரியை, வயது 52. வகிடு அகலமாகிக்கொண்டே போகிறது. முன்நெற்றியும் ஏறுவது போலத் தெரிகிறது. பெண்களுக்கும் முடி நடுவார்களா?
- வாசகி, நாகர்கோவில்

நடுவார்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் இரண்டு தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன டீச்சர், அதைப் பிரிக்காமல் யாரும் ஊசியைக் கையில் எடுக்கக் கூடாது.

வகிடு அகலமாவது பெண்களுக்கு வரும் பரம்பரை வகை. மாதவிடாய் நிற்கும் காலத்தில் வெளியே தெரியும். இதற்கு மினாக்சிடில்தான் முதல் மருந்து. ஃபெரிட்டின், தைராய்டு பார்க்க வேண்டும். ஆண்களுக்குப் பின்மண்டை முடி உறுதியாக இருக்கும் என்றேனே, இந்த வகைப் பெண்களில் பலருக்குப் பின்மண்டையும் சேர்ந்து மெலியும். அங்கிருந்து எடுத்து நட்டால் அதுவும் மெலியும். எடுக்கும் இடம் கெட்டியாக இருக்கிறது என்று உருப்பெருக்கியில் பார்த்து உறுதியானால்தான் நடலாம்.

நெற்றி ஏறுவது வேறு. பல வருடமாக இழுத்துக் கொண்டை போட்டு, மேலே பூவையும் கனமாக வைத்து வந்திருந்தால், இழுப்பிலேயே ஓர முடி போயிருக்கலாம். அது அப்படியே நின்றுவிட்ட பழைய பாதிப்பு என்றால், நடுவதற்கு ஏற்ற இடமே அதுதான். ஆனால் கண்ணாடியில் புருவத்தைப் பாருங்கள். புருவமும் குறைகிறதா? நெற்றி ஓரத்துத் தோல் வெளிறிப் பளபளப்பாக இருக்கிறதா, முடியைச் சுற்றிச் சிவப்பு இருக்கிறதா? அப்படியானால் தழும்பாக்கி வேரையே அழிக்கும் நோயாக இருக்கலாம். 1994-ல் ஆஸ்திரேலியாவில் மாதவிடாய் நின்ற பெண்களிடம் முதலில் விவரிக்கப்பட்டது. துளி தோலை எடுத்து பயாப்ஸி பார்த்தால் தெரியும். அது தீவிரமாக இருக்கும்போது நட்டால் நட்டதும் போகும், நோயும் கிளறிவிடப்படும். புருவம் குறைகிறது என்றால் அடுத்த விடுமுறைக்குக் காத்திருக்காமல் உங்கள் ஊரிலேயே தோல் மருத்துவரைப் பாருங்கள்.

துபாயில் இருக்கிறேன். என்னுடன் வேலை பார்ப்பவர்கள் இஸ்தான்புல் போய் நட்டு வருகிறார்கள். ஹோட்டல், கார் எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ். ஊருக்கு வரும்போது இங்கேயே செய்வது நல்லதா, அங்கே போவதா? எந்த முறை நல்லது?
- வாசகர், கடையநல்லூர்

எந்த ஊர், எந்த முறை என்பதைவிட யார் கை என்பதுதான் முக்கியம்.

முறை இரண்டுதான். பின்மண்டையிலிருந்து தோலைக் கீற்றாக வெட்டி எடுத்து, மைக்ரோஸ்கோப்பின் கீழ் பிரித்து நடுவது எஃப்யூடி. ஒரு மில்லிமீட்டருக்கும் சின்னதான பஞ்ச் என்ற துளைக்கருவி வைத்து ஒவ்வொன்றாக எடுப்பது எஃப்யூஇ. முன்னதில் கோடு போலத் தழும்பு இருக்கும், பின்னதில் புள்ளி புள்ளியாக இருக்கும். 'தழும்பே இல்லாத சிகிச்சை' என்று விளம்பரம் வந்தால் நம்பாதீர்கள். சஃபையர் என்பது துளை போடும் கத்தியின் பொருள். டிஹெச்ஐ என்பது பேனா மாதிரிக் கருவியால் நடுவது. கருவியின் பெயரைச் சொல்லி விலையைக் கூட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

இஸ்தான்புலில் மிகத் திறமையான மருத்துவர்கள் இருக்கிறார்கள். மருத்துவர் வாசலில் கை குலுக்கிவிட்டுப் போக, மிச்சத்தை மருத்துவரல்லாத ஆட்கள் செய்யும் இடங்களும் இருக்கின்றன. நம் ஊரிலும் அதே நிலைதான். 2016-ல் சென்னையில் ஒரு மருத்துவ மாணவரே முடி நட்டுக்கொண்ட பிறகு இறந்துபோனார். மருத்துவம் படித்தவருக்கே இந்தக் கதி. 2022 செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் வழிகாட்டுதல் வெளியிட்டது. பயிலரங்கிலோ யூடியூபிலோ பார்த்துக் கற்றுக்கொண்டது இதற்குப் போதாது என்று அதில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். யூடியூப் என்ற பெயரையே அதில் எழுத வேண்டி வந்ததென்றால், என்ன நடந்துகொண்டிருந்தது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆபத்து எங்கே வருகிறது தெரியுமா? பெரும்பாலும் மரத்துப்போகப் போடும் ஊசியில். அட்ரினலின் கலந்த லிக்னோகெய்னுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 7 மில்லிகிராம் என்பது வழக்கமான உச்சவரம்பு. 70 கிலோ எடை உள்ளவருக்கு 490 மில்லிகிராம். ஆறு, எட்டு மணி நேரம் நீளும் வேலையில் வலிக்கிறது வலிக்கிறது என்று சொல்லச் சொல்லக் கூடுதலாகப் போட்டுக்கொண்டே போனால், கணக்கு வைக்கிறவர் யாரும் இல்லையென்றால், வலிப்பும் இதயத்துடிப்புக் கோளாறும் வரும். அதனால் நீங்கள் பணம் கட்டும் முன் கேட்க வேண்டியது இதுதான்: ஊசி போடுவது யார், துளை போடுவது யார், முடியும் வரை மருத்துவர் அந்த அறையிலேயே இருப்பாரா? அவர் தோல் மருத்துவரா, பிளாஸ்டிக் சர்ஜனா, பதிவு எண் என்ன? துடிப்பையும் ஆக்ஸிஜனையும் காட்டும் மானிட்டர், அவசர மருந்துகள் இருக்கின்றனவா? ஒரே நாளில் அவர் எத்தனை பேருக்குச் செய்கிறார்? இதைக் கேட்டதும் முகம் சுளிக்கிறவர்களிடம் தலையைக் கொடுக்காதீர்கள். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, சிகரெட் எதையும் மறைக்காதீர்கள்.

ஊரில் செய்வதில் ஒரு வசதி உண்டு. எட்டாம் மாதம் ஒரு சந்தேகம் வந்தால் நட்டவரையே போய்ப் பார்க்கலாம். நீங்கள் துபாயிலேயே இருக்கப்போகிறீர்கள் என்றால் அங்கே உள்ள நல்ல மருத்துவரைப் பார்ப்பதும் சரிதான். கார் ஏற்பாட்டைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள்.

நான்கு மாதம் முன்பு முடி நட்டேன். மாசியில் குலதெய்வம் கோயிலில் மொட்டை போடுவதாக அம்மா நேர்ந்திருக்கிறார். போடலாமா? மொட்டை போட்டால் இன்னும் அடர்த்தியாக வரும் என்றும் சொல்கிறார்.
- வாசகர், சங்கரன்கோவில்

வேர் தோலுக்குள் நான்கு மில்லிமீட்டர் போல ஆழத்தில் இருக்கிறது. சவரக் கத்தி மேலே ஓடுவது அதற்குத் தெரியவே தெரியாது. அடர்த்தியாகவும் ஆகாது. அமெரிக்காவில் மில்ட்ரெட் ட்ராட்டர் என்ற உடற்கூறியல் ஆய்வாளர் 1928-லேயே சவரம் செய்தவர்களின் முடியை அளந்து பார்த்து, சவரத்தால் தடிமனோ வேகமோ மாறவில்லை என்று காட்டிவிட்டார். வெட்டிய முனை மழுங்கலாக இருப்பதால் கைக்குச் சொரசொரப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

ஆனாலும் மாசியில் வேண்டாம். அப்போது உங்களுக்கு எட்டு மாதம்தான் ஆகியிருக்கும், தோல் இன்னும் முழுதாகப் பழைய நிலைக்கு வந்திருக்காது. கோயில் கூட்டத்தில் அவசரமாக ஓடும் கத்தி பட்டுச் சீழ் பிடித்தால் கஷ்டம். ஒரு வருடம் முடிந்ததும் தாராளமாகப் போடுங்கள், மொட்டையடித்தால் பின்மண்டைத் தழும்பு சில மாதம் வெளியே தெரியும் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு. இந்த வருடமே நேர்ச்சையை முடிக்க வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருந்தால் பூமுடி கொடுத்துவிடுங்கள், கத்தரியால் மூன்று கற்றை போதும். புது பிளேடு எல்லாம் அடுத்த வருடத்துக்கு.